ஒரே அளவுக் கயிறு

அத்தியாயம் 11

அந்த உறை வந்து இன்றோடு பத்து நாட்கள். திருவிழாவுக்கு மட்டுமே எடுத்துக் கட்டும் நீலத் தலைத்துணியின் மடிப்புக்குள், தன் தகரப் பெட்டியின் அடியில் அபேகே அதை வைத்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். அவளுடைய மகள் டைவோவுக்குத் தெரியாது.

இபாதானிலுள்ள பெண்கள் உயர்நிலைப் பள்ளி, நுழைவுத் தேர்வில் தேறிய டைவோவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. அதே தேர்வை அதே பெஞ்சில் அமர்ந்து எழுதிய அவளுடைய இரட்டைச் சகோதரி கெஹிந்தேவுக்கு இடமில்லை. பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் வரும் திங்கட்கிழமை நண்பகலுக்குள் போய்ச் சேராவிட்டால், அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

அபேகே இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "ரெண்டு பேருக்குமே கிடைக்கலடி கண்ணுங்களா" என்று சொன்னாள். இருவரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு ஒரே தட்டில் காராமணி சாப்பிட்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து, தான் செய்தது சரிதான் என்று அபேகே நம்பினாள். நம்பிக்கை பத்து நாட்கள் தாங்கியது.

வெள்ளிக்கிழமை காலை, மழையில் இளகிய செம்மண் பாதையில் டைவோ வழக்கம்போல் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஆறு வயதிலிருந்து அவள் பள்ளிக்கு அப்படித்தான் போகிறாள். கெஹிந்தே நேராக நடப்பாள். மூன்றடி முன்னால், அவள் முகத்தைப் பார்த்தபடி டைவோ பின்னோக்கி நடப்பாள். காய்ச்சல் கெஹிந்தேயின் காதுகளைக் கொண்டுபோன பிறகு, பேச்சு அவளிடம் வந்து சேரும் ஒரே வழி எதிரில் அசையும் உதடுகள்தாம். பதிலுக்கு, டைவோவின் முதுகுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கெஹிந்தே பார்த்துச் சொல்வாள்.

"வலப்பக்கம் குட்டை," என்றாள் கெஹிந்தே. தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால் அவள் எப்போதும் சற்று உரக்கப் பேசுவாள்.

"எவ்வளவு பெருசு?"

"நீ விழுந்தா நான் மதியம் வரைக்கும் சிரிக்கிற அளவுக்கு."

"சிரி, சிரி. அம்மா பாடம் நடத்துறப்ப வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்துடுறேன். அப்புறம் யாரு உதட்டைப் பார்ப்பே?"

"மூத்தவகிட்ட மரியாதையாப் பேசு. அந்தப் பக்கம் மேகம் கட்டியிருக்கு. மழை வருமான்னு முன்னாடி போய்ப் பார்த்துட்டு வா."

"வயித்துக்குள்ள இருந்தப்பவே இந்த ஏவல் வேலையை ஆரம்பிச்சுட்டே நீ."

முதலில் பிறந்தவள் டைவோ. ஆனால் மூத்தவள் கெஹிந்தே. உலகம் எப்படியிருக்கிறது என்று முன்னே போய்ப் பார்த்துவரத் தங்கையை அனுப்பிவிட்டு, அவளுடைய அழுகுரல் கேட்ட பின்புதான் மூத்தவள் புறப்பட்டு வந்தாள். தெருவுக்கு மூன்று வீட்டில் இரட்டையர் பிறக்கும் அவர்கள் ஊர் இக்போ-ஓராவில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

 சிறிது தூரம் போன பிறகு கெஹிந்தே திடீரென்று கேட்டாள்: "ஒரு நாளாவது எல்லாரையும் மாதிரி முன்னாடி பார்த்து நடக்கணும்னு உனக்குத் தோணியிருக்கா?"

"நான் திரும்பிக்கிட்டா நீ யாரோட பேசுவே?"

 அடுத்த குட்டையைக் காட்டக் கெஹிந்தே மறந்துபோனாள். டைவோவின் ஒரு கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது.

*

ஆறாம் வகுப்பின் குடிமைப் பாடத்தில் ஒரே ஒரு பக்கத்தை அபேகே பத்து நாளாகத் தள்ளிப்போட்டு வந்தாள். 'சமமும் நியாயமும்' என்பது அதன் தலைப்பு. வெள்ளிதோறும் தலைமையாசிரியை பாடக் குறிப்பேட்டைப் பார்த்துக் கையெழுத்திடுவார். இரண்டாவது வாரமும் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லக்கூடிய காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

அவள் நல்ல ஆசிரியை. மனம் ஒப்பாத பாடத்தைக்கூட அவளால் மோசமாக நடத்த முடியாது. அன்றைய துயரம் பாதி அதிலிருந்துதான் தொடங்கியது.

மழைக்காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் பள்ளி வளாகத்தில் புல் வெட்டும் நாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து வெட்டுக்கத்தி கொண்டு வருவார்கள். அபேகே நாற்பத்து மூன்று பேரையும் வெளியே வரிசையாக நிறுத்தினாள். அவள் கையில் இரண்டு முனையிலும் முடிச்சிட்ட ஒரு கயிறு இருந்தது.

"இந்தக் கயிறு நீளம், இந்தக் கயிறு அகலம். ஆளுக்கு ஒரு பங்கு. யாருக்கும் ஒரு விரல்கூட அதிகமில்ல, குறைவுமில்ல. சரியா?"

"சரி டீச்சர்!"

கயிறு நிலத்தின்மேல் விழுந்து விழுந்து எழுந்தது. பாதையோரத்தில், நடந்து நடந்து புல்லே முளைக்காத இடம் சிலருக்கு வாய்த்தது. வேலியோரத்தில் யானைப்புல் தலைக்குமேல் நின்ற இடம் சிலருக்கு வாய்த்தது. வகுப்பிலேயே சின்னவனான கோலா, தன் பங்கின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"டீச்சர், எனக்குக் கிடைச்சது பங்கு இல்ல, காடு. உள்ளே பாம்பு குடும்பம் நடத்துது."

"அளந்து பாரு, கயிறு குறையுதா?"

"கயிறு சரியாத்தான் இருக்கு டீச்சர். நான்தான் குறையறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அபேகேவும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்தால் வகுப்பு தானாக அடங்கும். கெஹிந்தேயின் எதிரில் நின்ற டைவோ, அம்மாவின் ஒவ்வொரு சொல்லையும் ஓசையில்லாமல் உதட்டில் மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஒரே கயிறு. இதுக்குப் பேரு சமம். ஆனா பாதையோரத்துக்காரன் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு மாங்காய் திம்பான். கோலா சாயங்காலம் வரைக்கும் வெட்டுவான். அசாபிக்குக் கையில மாவுக்கட்டு, அவ எப்படி வெட்டுவா? கயிறு இதையெல்லாம் பார்க்குமா?"

"பார்க்காது டீச்சர்."

"அதைப் பார்க்கிறது யாரு? நாமதான். யாருக்கு என்ன முடியும், யாருக்கு என்ன வேணும்னு பார்த்துப் பங்கு போடுறது நியாயம். இப்ப கயிறைக் கீழே போடுறேன். நீங்களே பிரிச்சுக்குங்க."

பெருஞ்சத்தம் எழுந்தது. அசாபிக்கு வெட்டிய புல்லைக் குவிக்கும் வேலை என்று முடிவானது. கோலாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். அவன் பாம்புக்கு இரங்கல் தெரிவித்துவிட்டு ஓடினான். வேலியோரம் பலசாலிகளுக்கு. பலசாலிகள் என்றால் முதலில் மொரேனிகே. வகுப்பில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமான பெண்.

மொரேனிகே வெட்டுக்கத்தியை மண்ணில் குத்தி நிறுத்தினாள்.

"நான் உயரமா வளர்ந்தது என் தப்பா டீச்சர்? முடியறவங்க தலையிலேயே எல்லாத்தையும் வைக்கிறதுதான் நியாயமா?"

நல்ல கேள்வி. அபேகே தன் குறிப்பேட்டில் இந்தக் கேள்வியை எதிர்பார்த்து ஒரு பதிலும் எழுதி வைத்திருந்தாள். முடிந்தவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் அறிந்து ஒப்புக்கொண்டால்தான் அது நியாயம். அந்த வரியைச் சொல்லாமல், கீழே கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்தாள்.

"அப்புறம் இவ?" மொரேனிகே கையை நீட்டினாள். "டைவோவும் நல்லா பலசாலிதான். இவளுக்கு மட்டும் குழாயடியில மொட்டைத் தரை!"

"டைவோ கெஹிந்தே பக்கத்துல இருக்கணும். அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளு வேணும். அதுவும் ஒரு வேலைதான், மொரேனிகே."

"செப்டம்பர்ல இவ இபாதான் போனப்புறம் யாரு எடுத்துச் சொல்வா?"

டைவோவின் உதடுகள் பழக்கத்தால் அந்த வாக்கியத்தையும் கெஹிந்தேவுக்காக உருவாக்கத் தொடங்கி, பாதியில் நின்றன.

"நான் எங்கே போறேன்?" என்று திரும்பினாள். "எங்களுக்குத்தான் கிடைக்கலையே."

"கிடைக்கலையா? எங்க அக்கா அங்கதான் படிக்கிறா. வாசல்ல பேர் ஒட்டி ரெண்டு வாரமாச்சாம். இக்போ-ஓராவுக்கு ஒரே ஒரு பேரு, டைவோ செசான்னு. பெரிய இடத்துக்குப் போறவ, ஏண்டி ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறே?"

டைவோ மொரேனிகேயைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

ஒரு முகத்தைப் பார்த்தே பொருள் அறிவது கெஹிந்தேவுக்கு மட்டும் உரிய திறமை என்று அவள் எண்ணியிருந்தாள். அன்று அது அவளுக்கும் எளிதாகக் கைவந்தது.

"பேசினது போதும்," என்றாள் அபேகே. "கத்தியை எடுங்க. மழை வர்றதுக்குள்ள முடிக்கணும்."

டைவோ வெட்டுக்கத்தியை எடுத்தாள். குழாயடிக்குப் போகவில்லை. வேலியோரம் போய், மொரேனிகேவுக்கு ஒதுக்கிய யானைப்புல்லை அடியோடு வெட்டத் தொடங்கினாள். யாரோ கூப்பிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை.

*

பள்ளி விட்டு வரும்போது டைவோ முன்னோக்கி நடந்தாள்.

பாதை அவளுக்குப் புதிதாக இருந்தது. ஐந்தாண்டுகளாக அவள் காலையும் மாலையும் பார்த்ததெல்லாம் கடந்துபோன இடங்களும், அவற்றின் நடுவில் ஒரு முகமும் மட்டுமே. இப்போது பப்பாளி மரங்களும், தையற்கடையும், நனைந்த சுவர்களும் ஒவ்வொன்றாக அவளை நோக்கி வந்தன.

"டைவோ!" பின்னாலிருந்து கெஹிந்தே கத்தினாள். "மொரேனிகே என்ன சொன்னா? பாதியில நிறுத்திட்டே. டைவோ, திரும்பு!"

திரும்பவில்லை.

"நீ திரும்பாம என்ன சொன்னாலும் எனக்குத் தெரியாதுடி!"

டைவோ ஒன்றும் சொல்லவே இல்லை. ஆனால் அது பின்னால் வருபவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டு முற்றத்தில் தண்ணீர்ப் பீப்பாய்க்கருகே டைவோ உட்கார்ந்தாள். கெஹிந்தே சற்றுத் தள்ளி, கதவருகே உட்கார்ந்தாள். அப்பா செசான் மரவள்ளி மூட்டைகளோடு லாகோசுக்கு லாரி ஓட்டிப் போயிருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

அபேகே வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. குறிப்பேட்டில் தலைமையாசிரியை 'மிகச் சிறந்த வகுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கையில் இலையில் பொதிந்து அவித்த காராமணி மொயின்-மொயின் இரண்டு. ஒரே அளவு. சந்தையில் விற்பவளிடம் அவள் எப்போதும் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

கெஹிந்தே எழுந்து முழங்காலிட்டு அம்மாவை வணங்கினாள். டைவோ உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

"முழங்காலுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அபேகே. கோபமாகத்தான் கேட்க நினைத்தாள்.

"புல் வெட்டினேன். வலிக்குது. உறை எங்கேம்மா?"

"என்ன உறை?"

"அம்மா."

"அந்த மொரேனிகே வாய்க்கு வந்ததைப் பேசுற பொண்ணு. அவ அக்காவும் அப்படித்தான். வா, சூடு ஆறதுக்குள்ள சாப்பிடு."

"பேரு எழுதி ஒட்டியிருக்காங்களாம். நாளைக்கு அப்பாவோட சிநேகிதர் யாராவது லாரியில என்னை ஏத்திக்கிட்டா, நானே போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன். முன்னாடி போய்ப் பார்த்துட்டு வர்றதுதானே எனக்குப் பிறந்ததுலேருந்து வேலை?"

அபேகே பொட்டலங்களைக் கீழே வைத்தாள். ஒன்று உருண்டு போயிற்று. அவள் அதை எடுத்து மற்றதன் பக்கத்தில் சரியாக வைத்தாள்.

அப்போது கெஹிந்தே எழுந்து உள்ளே போனாள். தகரப் பெட்டியின் தாழ் எவ்வளவு சத்தமிடும் என்பது அவளுக்குத் தெரியாது. வெளியே இருந்த இருவரும் அதைக் கேட்டார்கள். பிறகு துணி உதறும் ஓசை. நீலத் தலைத்துணி தோளில் தொங்க, கையில் உறையோடு அவள் வெளியே வந்து, அதை டைவோவின் மடியில் வைத்தாள்.

டைவோ பிரித்தாள். தன் பெயரைப் படித்தாள். திங்கட்கிழமை என்ற சொல்லைப் படித்தாள். அடியில், புள்ளிக்கோட்டுக்கு மேலே, கையெழுத்துக்காகக் காத்திருந்த வெற்றிடத்தையும் பார்த்தாள்.

முதலில் அவளுக்கு நன்றி உணர்வுதான் வந்தது. அம்மா பொய் சொன்னாள், கெஹிந்தே காட்டிக்கொடுத்துவிட்டாள், எப்போதும்போல் நாங்கள் இருவரும் ஒரு பக்கம். அந்த நினைப்பு இரண்டு மூச்சு நேரம் இருந்தது.

"இது அங்கே இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கெஹிந்தே அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கேட்கிறேன்ல. எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்," என்றாள் கெஹிந்தே. முதன்முறையாக அவள் குரல் மெலிதாக வந்தது. "லாரிகிட்ட நின்னு அம்மா அப்பாகிட்ட சொன்னாங்க. நான் தெருக்குழாய்கிட்ட இருந்தேன். அம்மா உதடு தெரிஞ்சுச்சு. டைவோவுக்கு மட்டும்தான்னு சொன்னாங்க. அப்புறம் உறையைப் பெட்டிக்குள்ள வைச்சதையும் பார்த்தேன்."

"என்னைக்கு?"

"நாம அழுதோமே, அதுக்கு முன்னாடி."

முற்றத்தில் ஒரு கோழி மொயின்-மொயின் பொட்டலத்தை நோக்கி வந்தது. யாரும் விரட்டவில்லை.

"அழுதியே," என்றாள் டைவோ. "என்னைக் கட்டிக்கிட்டு அழுதியே. நான் உனக்குக் கண்ணைத் துடைச்சு விட்டேனே!"

"நிஜமாத்தான் அழுதேன்."

"எதுக்கு?"

"நீ போயிடுவியேன்னு."

டைவோ எழுந்தாள். "உனக்கு உதட்டைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு? கண்ணாடி முன்னால ரெண்டு வருஷம் என்னோட வாயைக் கோணலும் மாணலுமா ஆட்டினது யாரு? பள்ளிக்கூடத்துல, சந்தையில, தேவாலயத்துல எனக்குக் கேட்டது ஒவ்வொண்ணையும் உனக்குச் சொன்னேன். சிரிப்பா இருந்தாலும் சொன்னேன், உன்னைத் திட்டினாலும் சொன்னேன். எனக்குக் கேட்காம உனக்கு மட்டும் கேட்டது இந்த ஒண்ணுதான், கெஹிந்தே. இந்த ஒண்ணை நீ எனக்குச் சொல்லல."

 

"அவளைத் திட்டாதே," என்றாள் அபேகே. "மறைச்சது நான். உங்கப்பாவும் வேண்டாம்னு சொல்லல."

"ஏம்மா?"

அந்தக் கேள்விக்கு அபேகேயிடம் ஒரு விடை இருந்தது. அது மூன்றாம் அத்தியாயத்தில் நாம் பார்த்த சிவப்புச் செருப்பு. பிள்ளைகளுக்கு ஐந்து வயதாகும்போது டைவோவின் செருப்பு அறுந்தது, கெஹிந்தேயினுடையது நன்றாக இருந்தது. அபேகே ஒரு ஜோடி மட்டும் வாங்கினாள். அந்த வாரமே கெஹிந்தேவுக்கு, காதுகளைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் வந்தது. பிறந்த நாற்பதாம் நாள் ஒருத்தியை மார்பிலும் ஒருத்தியை முதுகிலும் கட்டிக்கொண்டு சந்தை நடுவில் ஆடி, எதைக் கொடுத்தாலும் இரண்டாகவே கொடுப்பேன் என்று பாடிய தாய் அவள். மருத்துவர் சொன்ன காரணத்தை அவள் படித்த மனம் ஏற்றது. மனத்தின் மற்றொரு பாதி அன்றிலிருந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. ஆசிரியையாகச் சொல்லக்கூடியதைச் சொன்னாள்.

"உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டாலும் படிப்பு வரும். அவளுக்கு நீ பக்கத்துல இருந்தாத்தான் வரும். யாருக்கு என்ன வேணும்னு பார்க்கணும் இல்லையா? ரெண்டு பேருக்குமே இடமில்லைன்னு சொன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா அழுதுட்டு ஒண்ணா எழுந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"காலையில இதைத்தான் சொல்லிக் கொடுத்தீங்க."

"ஆமா."

"இல்லம்மா. காலையில வேலியோரத்துல புல் இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. பார்த்துட்டுத்தான் சண்டை போட்டோம். வேலியோரப் பங்கு உனக்குத்தான், கெஹிந்தேவுக்காக நீ இங்கேயே இருன்னு என்கிட்ட கேட்டிருந்தா..." அவள் குரல் உடைந்தது. "நானே இருந்திருப்பேம்மா. சத்தியமா இருந்திருப்பேன். நீங்க கேட்கவே இல்லையே. அங்கே நிலமே இல்லைன்னுல்ல சொல்லிட்டீங்க."

தன் பாடக் குறிப்பேட்டில் எழுதி, வகுப்பில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியை, அதைப் படித்தே இராத மாணவி தன் முகத்துக்கு நேராகச் சொல்வதை அபேகே கேட்டாள். 'மிகச் சிறந்த வகுப்பு' என்ற கையெழுத்து அவள் பைக்குள் இருந்தது.

"சரி," என்றாள் அபேகே மெதுவாக. "இப்பக் கேட்கிறேன். இங்கேயே இருக்கியா, டைவோ?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட கணத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

டைவோ அம்மாவின் பையைத் திறந்து, விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒப்புதல் தாளைப் பாதியில் மடித்துக் கோழி கலைத்த பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தாள்.

இத்தனை நேரமும் கெஹிந்தேயின் கண்கள் அவளுடைய உதடுகளை விட்டு அகலவில்லை. அம்மா பேசியபோதுகூட அவள் டைவோவைத்தான் பார்த்திருந்தாள். யார் பேசினாலும் அந்த உதடுகளில் அது வந்துவிடும் என்பது அவளுடைய பழக்கம்.

டைவோ அவளை ஒருமுறை நேராகப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டியபடி, நிதானமாகப் பேசினாள்.

"கையெழுத்துப் போடுங்க. போடாட்டியும் பரவாயில்ல, அது உங்க இஷ்டம். ஆனா நான் இங்க இருந்தாலும், இபாதான்ல இருந்தாலும், இன்னையிலேருந்து அவளுக்கு வாயா இருக்க மாட்டேன். அவளுக்கு என்ன சொல்லணுமோ அதை இனிமே நீங்களே சொல்லிக்குங்க. இதையும் சேர்த்து."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். முன்னோக்கியே நடந்து போனாள்.

கெஹிந்தே அவள் முதுகையே பார்த்திருந்தாள். தோள்கள் அசைந்ததையும் கழுத்து நரம்பு எழுந்து தணிந்ததையும் பார்த்தாள். ஏதோ நீளமாகச் சொல்லப்பட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. ஐந்தாண்டுகளில் முதன்முறையாக, அவளுக்காக யாரும் திருப்பிச் சொல்லாத பேச்சு.

அவள் அம்மாவின் எதிரில் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். முகத்தை அருகில் கொண்டுவந்தாள்.

"அம்மா, அவ என்ன சொன்னா?"

அபேகேயின் கையில் சிவப்புப் பேனா இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு முன்னால் ஒருநாளும் தடுமாறாதவள், ஒரே ஒரு பிள்ளையின் முன்னால் வாயைத் திறந்து மூடினாள்.

கெஹிந்தே காத்திருந்தாள். அசையாத அந்த உதடுகளில் கண்ணை ஊன்றி, வராத சொல்லைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.